மின்சாரத்துக்கும் கடைமடை உண்டு

போன மாதம் கும்பகோணத்தில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஒரு கல்லூரித் தோழர் எழுந்து என்னைக் கேட்டார்: "நீங்க கவிதை எழுதுறவர். பேங்க்ல வேலை பாக்குறவர். கொஞ்ச நாளா எங்க பார்த்தாலும் பேட்டரி, சோலார் தகடுன்னு பேசிக்கிட்டிருக்கீங்க. சேரிக்கு வேண்டியது நிலம், அதிகாரம். நீங்க பல்பு மாட்டித் தர்றேங்கிறீங்க. இது சீர்திருத்தவாதம் இல்லாம வேற என்ன?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். பதில் சொல்வதற்குள் அடுத்த அமர்வு தொடங்கிவிட்டது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். தோழர் கேட்டது தப்பான கேள்வி இல்லை. நானே எனக்குள் பல ராத்திரி கேட்டுக்கொண்ட கேள்விதான்.

முதலில் எங்கள் தெருவைப் பற்றி. சுவாமிமலையிலிருந்து வயல்பக்கம் இறங்குகிற சாலையின் கடைசியில் இருக்கிறது. ட்ரான்ஸ்பார்மர் ஊர்ப்பக்கம். அங்கிருந்து கம்பி புறப்பட்டு, மாடி வீடுகளுக்கும் கடைகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, வரப்போரமாகக் கம்பம் கம்பமாக நடந்து, மிச்சம் மீதியோடு எங்கள் தெருவுக்கு வந்து சேர்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஊரில் ஏசியும் மோட்டாரும் ஓட ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் ட்யூப்லைட் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி நின்றுபோகும். ஃபேன் இறக்கையை எண்ணிவிடலாம். கார்த்திகை நாளில் மலைக்கோயிலின் அறுபது படிக்கட்டும் சீரியல் செட்டில் ஜொலிப்பதை எங்கள் வாசலில் நின்று பார்க்க முடியும். இருட்டில் நின்று பார்ப்பதால் இன்னும் நன்றாகத் தெரியும்.

காவிரிக்காரர்களுக்குக் 'கடைமடை' என்றால் விளக்கம் வேண்டியதில்லை. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் தலைமடைக்காரன் நாற்று விட்டு முடித்து எத்தனை நாள் கழித்துக் கடைமடைக்குத் தண்ணீர் வரும் என்று இந்த மண்ணில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். மின்சாரத்துக்கும் அப்படித்தான். மேட்டூரில் 1934-இல் அணை எழும்பியது. 1937-இல் அங்கே மின்சாரம் எடுத்தார்கள். அந்தத் தண்ணீருக்குக் கடைமடை வேதாரண்யம் பக்கம் என்றால், மின்சாரத்துக்குக் கடைமடை ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. அதன் பெயர் சேரி.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. கம்பி நீளமாகவும் மெல்லிசாகவும் இருந்தால் வழியிலேயே வோல்ட்டேஜ் விழும். வழியில் எத்தனை பேர் இழுக்கிறார்களோ அவ்வளவு கூடுதலாக விழும். பள்ளிக்கூட விஞ்ஞானம்தான். ஆனால் ட்ரான்ஸ்பார்மரை எந்தப் பக்கம் வைப்பது, எந்தத் தெருவுக்குத் தடித்த கம்பி போடுவது என்பது விஞ்ஞானம் இல்லை. ஊரை வகுத்தவன் சேரியைக் கடைசியில் வகுத்தான். பின்னால் வந்த ரோடும் குழாயும் கம்பியும் அந்த வரைபடத்தின் மேலேயே நடந்து வந்தன. தண்டவாளத்தைப் போட்டவன் ஒருத்தன், ரயிலை விட்டவன் இன்னொருத்தன் என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது.

முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு மல்ட்டிமீட்டர் வாங்கினேன். ராத்திரி எட்டு மணிக்கு அம்மா வீட்டுப் ப்ளக் பாயிண்டில் வைத்துப் பார்த்தேன்: 168 வோல்ட். வீட்டு இணைப்புகளில் அறிவித்த வோல்ட்டேஜுக்கு மேலும் கீழும் 6 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 1956 மின் விதிகளிலேயே எழுதி வைத்திருந்தார்கள். 240 என்றால் 225-க்குக் கீழே இறங்கக்கூடாது. 168-ஐ அம்மாவிடம் காட்டினேன். "மிசினு வச்சுப் பாத்துத்தான் தெரியணுமா? ஃபேனப் பாத்தாத் தெரியாது?" என்றார்.

2018 நவம்பர் 16 கஜா புயல். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. கும்பகோணம் பக்கம் தப்பித்தோம். அக்காவைக் கட்டிக்கொடுத்தது திருத்துறைப்பூண்டி பக்கம். ஐந்தாம் நாள் அரிசியும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு போனேன். மெயின்ரோட்டில் ஒருவர் ஜெனரேட்டர் வைத்துச் செல்போனுக்கு இருபது ரூபாய் வாங்கிச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றதில் பாதி நம்மாளுங்க. ஊர்த்தெருவுக்குக் கம்பி இழுத்து முடித்த பிறகும் அக்காவின் தெரு பதினோரு நாள் இருட்டில் கிடந்தது. அந்த வரிசையில் நின்றபோதுதான், ஒரு தெருவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் மின்சாரம் சேமித்து வைக்க முடியாதா என்ற எண்ணம் வந்தது. நெல்லைச் சேமிக்கக் குதிர் இருக்கிறது. வெளிச்சத்துக்கு?

இந்த இடத்தில் பாபாசாகேப் பற்றி ஒரு செய்தி. நம் மேடைகளில் அதிகம் பேசப்படாதது. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அவரது துறையில்தான் இருந்தன. 1943 அக்டோபரில் மின்சக்தி வளர்ச்சிக்கான கொள்கைக் குழுவில் அவர் வைத்த வாதத்தின் சாரம் இது: வறுமைச் சுழலிலிருந்து இந்த மக்களை மீட்கத் தொழில்வளர்ச்சி வேண்டும், அதற்கு மலிவான, தாராளமான மின்சாரம் வேண்டும். மின்சாரம் அவருக்குப் பல்பு சமாச்சாரமாக இருக்கவில்லை, விடுதலைக்கான முன்நிபந்தனையாக இருந்தது. 'பல்பு மாட்டித் தர்றேங்கிறீங்க' என்று சொன்ன தோழர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி அரசாங்கம் தந்த சூரிய வெளிச்சத்துக்கு வருவோம்.

2011-12-இல் தமிழக அரசு 'சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள்' திட்டத்தைத் தொடங்கியது. 300 சதுர அடி வீடு. ஆரம்பத்தில் வீட்டுக்கு 1,80,000 ரூபாய். அதில் 30,000 சூரிய விளக்குக்கு. ஐந்து விளக்கு. அதில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் தனி ஒதுக்கீடு. குறை சொல்ல முடியாத நோக்கம். எங்கள் சித்தப்பாவுக்கு அப்படி ஒரு வீடு கிடைத்தது. வாசலில் விளக்கு எரிந்த முதல் ராத்திரி தெருவே கூடி நின்றது. மூன்றாம் வருஷம் பேட்டரி செத்தது. தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று யாரும் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. பராமரிப்புக்கு வரவேண்டியவர்கள் வரவில்லை. புது பேட்டரியின் விலையைக் கேட்டுவிட்டுச் சித்தப்பா தகட்டைக் கழற்றி ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டார். தகடு இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. வெயிலில் வைத்து அளந்து பார்த்தேன், வோல்ட்டேஜ் காட்டுகிறது. இருபத்தைந்து வருஷம் உழைக்கிற தகடும் நாலைந்து வருஷத்தில் சாகிற பேட்டரியும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகின்றன. பேட்டரியின் சாவுக்குப் பணம் எடுத்து வைக்காத எந்தச் சூரியத் திட்டமும் மூன்று வருஷத் திருவிழாவாகத்தான் முடியும்.

அடுத்தது 2024 பிப்ரவரி 13-இல் மய்ய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம். ஒரு கோடி வீடு இலக்கு, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். ஈடில்லாக் கடன். இந்தக் கடன் மனுக்கள் நான் உட்காருகிற கவுண்டரைத் தாண்டித்தான் போகின்றன. யார் வருகிறார்கள் என்று பார்க்கிறேன். மாடி வீடு, ரெண்டு ஏசி, இரண்டு மாதத்துக்கு ஐயாயிரம் ரூபாய் பில். அவர்களுக்கு இது நல்ல லாபம். கட்டுகிற கடன் பில்லில் கழிந்துவிடும். தப்பு சொல்லவில்லை. ஆனால் நம் தெருவிலிருந்து வந்த இரண்டு பேரும் திரும்பிப் போனார்கள். ஏன் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன்.

ஒன்று, பில். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வீட்டு மின்சாரம் இலவசம் என்பது 2016 மே மாதம் வந்தது. அம்மா வீட்டில் அந்த நூறுகூட முழுசாகச் செலவாவதில்லை. பில் பூஜ்யம். பூஜ்யத்தில் எதைக் கழிப்பது? லைனோடு இணைந்த சூரியத் தகட்டின் பொருளாதாரம் முழுக்க பில்லைக் குறைப்பதில் நிற்கிறது. கூடுதலாகச் செலவழிப்பவனுக்குக் கூடுதல் லாபம். குறைவாகச் செலவழிப்பவனுக்கு ஒன்றும் இல்லை.

இரண்டு, கரண்ட் நின்றால் அதுவும் நிற்கும். பலருக்கு இது தெரியாது. லைனோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போனதும் தானும் அணைந்துவிடும். கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனுக்குத் தகட்டிலிருந்து மின்சாரம் பாய்ந்துவிடக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது, சரியான ஏற்பாடு. ஆனால் பேட்டரி இல்லாவிட்டால் நட்ட நடுப்பகல் வெயிலிலும் மூன்று கிலோவாட் தகட்டின் கீழே விசிறி இல்லாமல் உட்கார வேண்டியதுதான். மானியம் தகட்டின் அளவுக்குத்தான், பேட்டரிக்கு இல்லை. நம் பிரச்சினையோ பில் கூடுதல் என்பதில்லை. கரண்ட் வராதது, வந்தாலும் நோஞ்சானாக வருவது.

மூன்று, கூரை. வீடு சொந்தமாக, கூரை உறுதியாக, இணைப்பு பெயரில் இருக்க வேண்டும். திரும்பிப்போன இரண்டு பேரில் ஒருவர் குடியிருப்பது கோயில் நிலம். இன்னொருவருக்கு அப்பா காலத்தில் பண்ணையில் விட்ட மனை. நிலச்சொந்தக்காரர் மனையில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கே அந்த மனை உரிமை என்று 1971-இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கையில் பட்டா வராதவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். சூரியன் பட்டா கேட்பதில்லை. சூரியனுக்குத் தரும் கடன் கேட்கிறது. தோழர் சொன்ன நிலப் பிரச்சினை, பாருங்கள், பல்பு வழியாகவே வந்து நிற்கிறது.

அப்புறம் என்ன செய்வது? திட்டத்துக்குக் காத்திராமல், என் சம்பளத்தில் அம்மா வீட்டுக்கு ஒரு சின்ன ஏற்பாடு செய்தேன். மாணவத் தோழர்கள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதால் கணக்கை முழுசாகவே தருகிறேன்.

கடைக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை கிலோவாட் போடலாம் சார்?" நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி வேறு: ராத்திரி எது எது, எத்தனை மணி நேரம் ஓட வேண்டும்? பேட்டரிதான் விலை கூடிய சாமான், சீக்கிரம் சாகிற சாமான். ஆகவே அதன் அளவை எவ்வளவு சின்னதாக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக்குவதுதான் ஏழை வீட்டுச் சூரியத் திட்டத்தின் சூட்சுமம். மிக்சி, கிரைண்டர், மோட்டார், அயர்ன் பாக்ஸ் எதையும் இதில் சேர்க்கக்கூடாது. அவை லைன் கரண்டில், பகலில் ஓடட்டும்.

அம்மா வீட்டுக்கு: 9 வாட் எல்இடி மூன்று, ஐந்து மணி நேரம், 135 வாட்-மணி. பழைய ஃபேன் 75 வாட். எட்டு மணி நேரம் ஓடினால் 600. அதைக் கழற்றிவிட்டு 12 வோல்ட்டில் நேராக ஓடும் பிஎல்டிசி ஃபேன் போட்டேன். அது 30 வாட்தான்; எட்டு மணி நேரத்துக்கு 240. இரண்டு செல்போனுக்கு 25. மொத்தம் 400 வாட்-மணி. பழைய ஃபேனோடு 760 ஆகியிருக்கும். மூவாயிரம் ரூபாய் ஃபேன் பேட்டரியைப் பாதியாக்கியது.

இன்வெர்ட்டர் வைக்கவில்லை. சின்ன இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்கவே பத்து வாட் தின்னும். ராத்திரி பூராவும் என்றால் நூறுக்கு மேல். நம் மொத்தக் கணக்கே நானூறு. விளக்கும் ஃபேனும் நேராக 12 வோல்ட்டில் ஓடினால் அந்த வீண்செலவு இல்லை. ஆனால் 12 வோல்ட்டுக்குக் கம்பி தடிமனாக வேண்டும். ஐந்து ஆம்பியர் ஓடும்போது 1 சதுர மில்லிமீட்டர் கம்பியில் பத்து மீட்டர் போய்ச்சேர்வதற்குள் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். 2.5 போட்டேன். ட்ரான்ஸ்பார்மரிலிருந்து எங்கள் தெருவுக்கு நடக்கிற அதே கதை. வீட்டுக்குள்ளும் ஒரு கடைமடை உருவாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பேட்டரி: ஈய பேட்டரி என்றால் பாதிக்கு மேல் காலி செய்யக்கூடாது, ஆயுசு குறையும். 400 வேண்டுமென்றால் 800 இருக்க வேண்டும். 12 வோல்ட் 75 ஆம்பியர்-மணி சரியாக வரும். லித்தியம் பாஸ்பேட் என்றால் எண்பது விழுக்காடு எடுக்கலாம், 40 ஆம்பியர்-மணி போதும். விலை கொஞ்சம் கூடினாலும் பலமடங்கு தடவை ஏற்றி இறக்கலாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். சித்தப்பா வீட்டு அனுபவத்துக்குப் பிறகு நான் இதைத்தான் எடுத்தேன். கன்ட்ரோலர் லித்தியத்துக்கு ஏற்றதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஈய பேட்டரி வாங்குபவர்கள் பிள்ளைகள் படுக்கிற அறையில் வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது வாயு வரும். காலாவதியானால் தெருவில் உடைக்க விடாதீர்கள். ஈயமும் ஆசிட்டும் யார் கையில், யார் நுரையீரலில் போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியும். பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு என்று 2022 விதிகள் சொல்கின்றன.

தகடு: ஏற்றி இறக்குவதில் முப்பது விழுக்காடு வீணாகும். ஆகவே 400-க்கு 570 உற்பத்தியாக வேண்டும். நல்ல வெயில் காலத்தில் முழு வெயில் ஐந்து மணி நேரத்துக்குச் சமம், 115 வாட் தகடே போதும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று மணி நேரமாகக் குறையும், 190 வேண்டும். மழைக்காலத்தை நினைத்து 200 வாட் எடுத்தேன். தெற்குப் பார்த்து, பதினோரு டிகிரி சாய்வு. நம் அட்சரேகைக்கு அது போதும். தென்னங்கீற்றின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலும் உற்பத்தி படுத்துவிடும். நிழலுக்கு அளவு தெரியாது.

ரெண்டு நாள் தொடர்ந்து மூடம் போட்டால்? பேட்டரியை இரட்டிப்பாக்கினால் செலவு இரட்டிப்பாகும். வருஷத்தில் பத்து நாளுக்காக அது வேண்டாம். அந்த நாட்களில் ஃபேனை நிறுத்திவிட்டால் விளக்குக்கும் போனுக்கும் 160 போதும். மழை நாளில் ஃபேன் தேவையும் குறைவு. புயலடித்தால் அந்த வெளிச்சமே போதும்.

எல்லாம் சேர்த்து நான் வாங்கியபோது இருபத்து நாலாயிரம் சொச்சம் ஆனது. கடைக்குக் கடை மாறும். அம்மா தகட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏன் தம்பி, இந்தக் காசுக்கு ஒரு மாட்ட வாங்கியிருந்தா பாலாவது குடுக்கும்ல?"

கணக்கு இதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. முதல் வாரமே விடியற்காலை மூன்றரை மணிக்குப் பேட்டரி காலியாகி அணைந்துவிட்டது. அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அம்மாவோடுதான் இருக்கிறாள். பன்னிரண்டு மணிவரை அவளுக்கு விளக்கும் ஃபேனும். நான் போட்ட கணக்கில் கண் மூடுகிறவரைக்கும்தான் விளக்கு இருந்தது. அம்மா நாலு மணிக்கு எழுந்து உலை வைத்துவிட்டு நடவுக்குப் போகிறவர். அந்த நாலு மணி அடுப்படி விளக்கு என் தாளில் இல்லவே இல்லை. முப்பது வருஷமாக அந்த அடுப்பில் வெந்த சோற்றைத் தின்றவன் எழுதிய கணக்கு அது. அம்மா குறை சொல்லவில்லை. தான் படுக்கும் பக்கம் ஃபேனைத் திருப்பாமல் விட்டு, "புள்ள படிக்கட்டும்" என்று செல்போன் வெளிச்சத்தில் அரிசி களைந்துகொண்டிருந்தார். "மாமா, ஆயாகிட்ட நீங்க கேக்கவே இல்லையே" என்று அவள்தான் சொன்னாள்.

பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். பன்னிரண்டு மணிக்கு மேல் ஃபேனின் வேகத்தைக் குறைத்து அது இழுப்பதைப் பாதியாக்கலாம். மூன்று மணி நேரம் 30, ஐந்து மணி நேரம் 15, மொத்தம் 165. 240-இல் 75 மிச்சம். 75 வாட்-மணியில் அடுப்படி விளக்கு எட்டு மணி நேரம் எரியும். அம்மாவுக்கு வேண்டியது இரண்டு மணி நேரம்தான். சேமிப்பு குறைவாக இருக்கும் இடத்தில் யாருக்கு எவ்வளவு என்பது எஞ்சினியரிங் மட்டும் இல்லை. குறைகிறபோது முதலில் விட்டுக்கொடுப்பவள் பெண் என்றால், நம் வீட்டுக்குள்ளும் ஒரு சேரி இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது தோழரின் கேள்வியின் உண்மையான முனைக்கு வருகிறேன். அவர் அதைக் கூர்மையாகக் கேட்கவில்லை. நானே கூர்மையாக்கிக் கேட்கிறேன். இந்தத் தகடு, தனிக் கிணறா?

1927 மார்ச் 20 அன்று மகாத் சவுதார் குளத்தில் பாபாசாகேப் இறங்கித் தண்ணீர் எடுத்தது தாகத்தால் மட்டும் இல்லை. பொதுக்குளத்தில் உரிமை நாட்டத்தான். அதற்குப் பிறகு நாடெங்கும் தாராள மனசுக்காரர்கள் 'அரிஜனங்களுக்கு'த் தனிக் கிணறு வெட்டிக்கொடுத்தார்கள். தண்ணீர் கிடைத்தது. பொதுக்கிணற்றின் சுவர் அப்படியே நின்றது. தனித் தொட்டியாவது பாதுகாப்பா என்றால், 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. ஆகவே 'உங்களுக்குத்தான் சோலார் கொடுத்தாச்சே' என்று நாளைக்கு ஒருவன் சொல்வான். லைன் கேட்டுப் போனால் தகட்டைக் காட்டுவான். இந்த ஆபத்து கற்பனை இல்லை. பீகாரில் தர்னை என்ற கிராமத்தில் 2014-இல் கிரீன்பீஸ் அமைப்பு சூரிய மின்நிலையம் அமைத்தது. உலகப் பத்திரிகைகள் எழுதின. ஊர்மக்களோ, இது போலி மின்சாரம், எங்களுக்கு அசல் மின்சாரம் வேண்டும் என்று முன்னாள் முதலமைச்சரிடம் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. குளிர்சாதனப் பெட்டி வைக்காதே, மோட்டார் போடாதே என்று அளந்து கொடுக்கிற வெளிச்சத்தை ஏழைக்கு மட்டும் சிபாரிசு செய்வது ஒரு மேட்டிமைத்தனம்தான். பாபாசாகேப் கேட்டது தாராளமான மின்சாரம். நானூறு வாட்-மணி தாராளம் இல்லை.

ஆனாலும் நான் தகட்டை இறக்கவில்லை. காரணம் இதுதான். மகாத் போராட்டம் நடக்கிற வரை யாரும் தாகத்தோடு இருக்கச் சொல்லவில்லை. பரீட்சை மார்ச்சில் வருகிறது. ட்ரான்ஸ்பார்மர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நானூறு வாட்-மணியை உரிமைக்கு ஈடாக வாங்கிக்கொள்ளக்கூடாது. உரிமை கேட்டு நிற்கிற காலத்தில் இருட்டில் நிற்காமல் இருக்க வைத்துக்கொள்ளலாம். தனிக் கிணறு வெட்டியவன் அடுத்தவன், நம்மை விலக்கி வைக்க. எங்கள் தகட்டை மாட்டியது நாங்கள், விலகிப்போக இல்லை. லைன் இணைப்பைத் துண்டிக்கவும் இல்லை. துண்டிக்கவும் மாட்டோம்.

பணத்தை எப்படிப் புரட்டுவது? பேங்க் குமாஸ்தா பேசாமல் விடுவானா? 24,000 ரூபாயைப் பத்து விழுக்காடு வட்டிக்கு மூன்று வருஷத் தவணையாக்கினால் மாதம் 774 ரூபாய். நாளைக்கு இருபத்தாறு. ரெண்டு டீ காசு. இது முடியாத காரியம் இல்லை என்பதற்குச் சாட்சிகள் உண்டு. பங்களாதேஷில் 2003-இல் அரசு நிறுவனம் ஒன்று தொடங்கிய திட்டத்தில் தவணை முறையில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன வீட்டுச் சூரிய ஏற்பாடுகள் போய்ச்சேர்ந்தன. பின்னால் லைன் வந்த இடங்களில் அவற்றின் தேவை குறைந்தது, அது வேறு விஷயம். பக்கத்தில் கர்நாடகத்தில் 1995-இல் தொடங்கிய செல்கோ, கிராம வங்கிகளைப் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்துச் சூரிய விளக்குக்குக் கடன் வாங்கித் தந்தது. அதன் ஹரீஷ் ஹாண்டேவுக்கு 2011-இல் மகசேசே விருது கிடைத்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூலிக்காரராகப் பார்க்காமல் தவணை கட்டக்கூடியவராகப் பார்க்க வேண்டும். தடை அந்தப் பார்வையில்தான் இருக்கிறது. தங்க நகைக்கு ஐந்து நிமிஷத்தில் கடன் தருகிற ஊர் இது.

ஆகவே தோழர்களே, பல்பைப் பற்றி என் கோரிக்கைகள் இவை.

சேரிக்குத் தனியாகவோ அருகிலோ ட்ரான்ஸ்பார்மர், தடித்த கம்பி. நூறு யூனிட்டுக்குக் கீழே செலவழிக்கும் வீடுகளுக்குப் பேட்டரியோடு கூடிய சின்ன ஏற்பாட்டுக்கு மானியம். மூன்று கிலோவாட் கூரைக்கு 78,000 தர முடிகிற கஜானாவால் எங்கள் அடுப்படிக்குப் பத்தாயிரம் தர முடியும். ஐந்தாம் வருஷம் பேட்டரி மாற்றும் செலவு திட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். பழுதுபார்க்க நம் தெருப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பயிற்சி. குடியிருப்பவருக்குப் பட்டா, அது வராமல் மற்ற எதுவும் முழுசாக வராது. அரசு செய்கிற வரை நாம் செய்யக்கூடியது, தெருவுக்கு ஒரு படிப்பகத்தில் பெரிய பேட்டரி ஒன்று. பிள்ளைகள் படிக்க, புயல் நாளில் தெரு முழுக்கப் போன் சார்ஜ் ஏற்ற. இருபது ரூபாய் வாங்காமல்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவின் முதல் கம்பத்து வீட்டிலும் கடைசிக் கம்பத்து வீட்டிலும் ராத்திரி எட்டு மணிக்கு வோல்ட்டேஜ் அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஊர்த்தெருவிலும் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். அளக்கும்போது கை ஈரம் வேண்டாம், தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு மாதம் எழுதினால் அது மனுவாகும். பத்துத் தெரு எழுதினால் அது வழக்காகும். சாதி இருக்கிறதா என்று இன்னும் கேட்கிறவர்களிடம் கவிதையை நீட்டிப் பார்த்துவிட்டேன். இனி நோட்டை நீட்டலாம் என்றிருக்கிறேன்.

கேள்வி கேட்ட தோழருக்கு: அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் சுவாமிமலை வாருங்கள். மீட்டர் என்னிடம் இருக்கிறது. ஊர்த்தெருவில் நீங்கள் அளங்கள், எங்கள் தெருவில் நான் அளக்கிறேன். சாப்பாடு அம்மா வீட்டில். ஃபேன் ஓடும்.